செம்பில் துளைத்த பூங்கா: டி யங் அருங்காட்சியகமும் துளைத் தகட்டின் கணக்குகளும்

சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்துக்கும் உப்புக்காற்றுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. கோல்டன் கேட் பூங்காவுக்குள் இருக்கும் இந்த அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் 1919 வாக்கில் எழுந்தது. முகப்பு முழுக்க ஸ்பானிய பாணியில் வார்ப்புக் கான்கிரீட் அலங்காரங்கள். அங்கிருந்து பசிபிக் கடற்கரை மேற்கே சில கிலோமீட்டர்தான். கடற்காற்றில் வந்த உப்பு, அலங்காரங்களுக்குள் இருந்த இரும்பைத் துருப்பிடிக்க வைத்தது. எப்போது வேண்டுமானாலும் கீழே விழலாம் என்ற நிலை வந்ததும் 1949 வாக்கில் மொத்தத்தையும் கழற்றிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கட்டடம் அணிகலன் இல்லாத வெறும் சுவராக நின்றது.

அதே இடத்தில் 2005 அக்டோபர் 15 அன்று திறக்கப்பட்ட இன்றைய கட்டடத்தின் வெளித்தோல் முழுக்கச் செம்பு. மொத்தம் 1,63,118 சதுர அடி. துளையிட்டும் புடைப்பிட்டும் செய்த தகடுகள். இரும்பை அரித்த அதே காற்று, செம்பின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை வளர்க்கிறது. வடிவமைப்பாளர்கள் பழைய கதையை மனதில் வைத்துத்தான் செம்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனை தன் காற்றுக்கு ஏற்ற பொருளைக் கடைசியில் கண்டுபிடித்த கதையாக இதைப் படிக்கலாம்.

துளைத் தகட்டைப் பற்றிப் பேச ஆயிரம் கட்டடங்கள் இருக்கின்றன. டி யங்கை எடுத்துக்கொள்ளக் காரணம், துளை செய்யக்கூடிய வேலைகளில் பலவும் இந்த ஒரே தோலில் இருப்பதும், சில இடங்களில் துளை எந்த வேலையும் செய்யாமல் இருப்பதும்தான். தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் துளையின் அளவைப் பேசவே தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது அதைத்தான்.

கட்டடம் வந்த வழி

1989-இல் லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் பழைய கட்டடத்தைப் பலமாகப் பாதித்தது. இரும்புச் சட்டங்களால் முட்டுக்கொடுத்து ஓட்டினார்கள். புதிதாகக் கட்டக் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று நகர மக்களிடம் இரண்டு முறை வாக்குக் கேட்டும், வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. கடைசியில் தனியார் நன்கொடைகளைத் திரட்டியே கட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து ஹெர்ஸோக் – டி மெரோன் நிறுவனம் வடிவமைத்தது. உள்ளூர்ப் பொறுப்பை ஃபாங் அண்ட் சான் ஏற்றது. நிலக்காட்சி வால்டர் ஹூட்டுடையது.

பூங்காவுக்குள் இவ்வளவு பெரிய பெட்டியா, அதற்கு மேல் 144 அடி உயரக் கோபுரமா என்று எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கேள்விதான். பூங்காவுக்கு வருபவர்கள் மரத்தைப் பார்க்க வருகிறார்கள், சுவரைப் பார்க்க அல்ல. கட்டடத்தை நீளமான பட்டைகளாக வகுந்து, இடையிடையே முற்றங்களை வெட்டி, அங்கே பெரணி மரங்களையும் யூகலிப்டஸையும் வைத்தது அந்தக் கேள்விக்கு ஒரு பதில். வெளித்தோல் இரண்டாவது பதில்.

படம் துளையான விதம்

மரக்கிளைகளின் ஊடே வெளிச்சம் வடிந்து வரும் காட்சியை வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் இலை கருப்பாகவும் இடைவெளி வெள்ளையாகவும் தெரியுமே, அதுதான். அந்தப் படங்களைக் கணினியில் போட்டுக் கட்டம் கட்டமாக உடைத்தார்கள். படத்தைக் கட்டங்களாக உடைத்துவிட்டால், ஒவ்வொரு கட்டத்திலும் மிஞ்சுவது ஒரே ஒரு எண்: அந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு. அந்த எண்தான் தகட்டில் வட்டமாக மாறுகிறது. ஒரு அடுக்கில் வட்டம் துளையாக விழுகிறது. இன்னொரு அடுக்கில் தகடு கிழியாமல் குழியாகவோ மேடாகவோ புடைக்கிறது.

இதைச் செய்து கொடுத்தது அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இருக்கும் ஜானர் நிறுவனம், பல தலைமுறைகளாகத் தகட்டு வேலை செய்யும் குடும்பத்துடையது. படத்தை நேரடியாக இயந்திரக் கட்டளையாக மாற்ற ஒரு மென்பொருள் முறையை அங்கே எழுதினார்கள். பின்னாளில் அது ஜிரா என்ற பெயரில் அந்த நிறுவனத்தின் மற்ற வேலைகளுக்கும் போனது. டி யங்குக்கான பேனல்கள் 7,000-க்கும் மேல். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று சொல்லிவிடலாம்.

இது எப்படிக் கட்டுப்படியானது என்பதைப் புரிந்துகொள்ளத் துளைப்பட்டறையின் கணக்கு தெரிய வேண்டும். கடையில் வாங்கும் சாதாரணத் துளைத் தகட்டை, பெரிய அச்சு ஒரு வரிசையை ஒரே அடியில் குத்திக் குத்தி நகர்த்தும். வேகம், மலிவு, ஆனால் எங்கும் ஒரே மாதிரி. கணினிக் கட்டளையில் ஓடும் சி.என்.சி. டரட் பஞ்ச் இயந்திரம் வேறு வகை. அதில் வெவ்வேறு அளவு அச்சுகள் ஒரு சுழல் தலையில் உட்கார்ந்திருக்கும். தகட்டை இயந்திரம் நகர்த்தும். கணினி சொன்ன இடத்தில், சொன்ன அச்சு இறங்கும். நூறு பேனல் ஒரே மாதிரி இருந்தாலும் நூறும் வேறு வேறாக இருந்தாலும் இயந்திரத்துக்கு வேலை ஒன்றுதான். அடிகளின் எண்ணிக்கையும், அச்சு மாற்ற எடுக்கும் நேரமும்தான் காசு. அதனால் இப்படி ஒரு டிசைன் போடுபவர் துளையின் விட்டங்களை ஒரு கைக்குள் அடக்கிக்கொண்டு, அவற்றின் இடத்தையும் அடர்த்தியையும் மாற்றி விளையாட வேண்டும். முப்பது வகை விட்டம் கேட்டால் விலை எங்கேயோ போகும், பத்தடி தள்ளி நிற்கும் கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது.

புடைப்பு விஷயத்தில் எனக்கு இந்தக் கட்டடத்தின் மேல் தனி மரியாதை. செம்பு இளகிய உலோகம். பெரிய தட்டைத் தகடாக மாட்டினால் வெயில் சாயும் நேரத்தில் அலை அலையாக நெளிவு தெரியும். தகட்டு வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தலைவலி தரும் சமாச்சாரம் அது. குழியும் மேடும் விழுந்த தகடு தானே விறைப்பாகிறது. மிச்சம் இருக்கும் நெளிவும் புடைப்புகளின் நிழலில் கரைந்துபோகிறது. தூரத்தில் நிற்பவருக்கு மரக்கிளையின் நிழல் காட்டும் அதே புடைப்பு, பேனலை நேராகவும் நிறுத்துகிறது. அழகுக்கு ஒன்று, உறுதிக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேர்க்காமல், ஒரே செயலில் இரண்டையும் வாங்குவதுதான் நல்ல உலோக வேலை.

கிட்டே போய்ச் சுவரில் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மரமும் இல்லை, கிளையும் இல்லை. ஒரு துளை, அதன் விளிம்பில் கீழ்ப்பாதியில் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று. பக்கத்தில் ஒரு குழி, அதன் மேல்பாதி இருட்டு. அடுத்து ஒரு மேடு, அதன் கீழ்ப்பாதி இருட்டு. வெயில் மேலிருந்து விழுவதால் குழியும் மேடும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக நிழல் வாங்குகின்றன. ஒரே விட்டமுள்ள இரண்டு வட்டங்கள் தூரத்தில் இரண்டு வேறு சாயல்களாகத் தெரிவது இதனால்தான். மேகமூட்டமான நாளில் இந்த நிழல்கள் மங்கிவிடும், துளைகள் மட்டும் கருப்பாக நிற்கும். மூடுபனிக்குப் பேர்போன ஊரில் சுவர் ஒரே நாளில் பல முகம் காட்டுவது இயல்பு.

துளை வேலை செய்யும் இடம், செய்யாத இடம்

இந்தக் கட்டடத்தில் ஒரே மாதிரித் தகடு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வேலை பார்க்கிறது. காட்சிக்கூடங்களுக்கு வெளியே இருக்கும் நீண்ட சுவர்களில் செம்புக்குப் பின்னால் மூடிய சுவர். ஓவியங்களுக்கு வெயில் ஆகாது, சரிதான். அங்கே துளையின் வழியாக உள்ளே போக வேண்டியது எதுவும் இல்லை. மழை முதலில் செம்பில் பட்டு, மிச்சம் பின்னால் இருக்கும் இடைவெளியில் வடிந்து, அதற்கும் பின்னால் இருக்கும் நீர்த்தடுப்பில் நிற்கும். இந்த இடங்களில் துளை என்பது ஓவியக்காரரின் புள்ளி மாதிரிதான். படத்தை உண்டாக்க வெறும் புடைப்பே போதும், எதற்குத் துளை என்று கேட்டால் அதற்கு வலுவான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருட்டுப் புள்ளி ஆழம் தருகிறது என்பது ஒரு பதில். அந்த ஆழத்துக்குத் தூசியும் பூச்சியும் குடியேற ஒரு வாசலும் சேர்ந்து வருகிறது.

கோபுரத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. கோபுரம் அடியில் பூங்காவின் கட்டடத்தோடு ஒத்து நின்று, மேலே போகப் போக முறுகி, நகரத் தெருக்களின் திசைக்குத் திரும்புகிறது. முறுக்கிய உருவத்தை மூடிய தகட்டால் போர்த்தியிருந்தால் கனத்த தூண் ஆகியிருக்கும். துளைத் தகடு போட்டதால் விளிம்பில் வானம் கசிகிறது, பக்கவாட்டில் நகர்ந்தால் கெட்டியாகிறது. பார்ப்பவர் நடக்க நடக்க இது மாறுவதற்குக் காரணம் மிக எளிது. துளைக்கு நேராக நின்றால் முழு வட்டம் தெரியும். சாய்வாக நின்றால் தகட்டின் கனம் வட்டத்தைக் கடித்துக்கொள்ளும். முறுகிய பரப்பில் ஒவ்வொரு பேனலும் உங்கள் கண்ணுக்கு வேறு கோணத்தில் இருப்பதால், ஒரே நேரத்தில் சில பேனல்கள் திறந்தும் சில மூடியும் தெரிகின்றன. என் கணக்கில் இந்தக் கட்டடத்தில் துளை தன் முழுச் சம்பளத்துக்கும் உழைக்கும் இடம் கோபுரம்தான். உச்சியில் கண்ணாடி சூழ்ந்த பார்வைத்தளத்துக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் போகலாம். பூங்காவின் இடத்தை எடுத்துக்கொண்டதற்கு ஊருக்குத் திருப்பிக் கொடுத்த கைம்மாறு என்றே அதைச் சொல்வேன்.

இன்னொரு விஷயமும் தோலைத் தொடுகிறது. நிலநடுக்கம் வந்தால் இந்தக் கட்டடம் தன் அடித்தளத்தின் மேல் 91 சென்டிமீட்டர் வரை நகர முடியும். வழுக்குத் தட்டுகளும் பிசுக்கு நீர்மம் நிறைந்த தணிப்பான்களும் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. கட்டடம் மொத்தமாக நகர்வதால் தோல் கிழிய வேண்டியதில்லை. ஆனால் வெப்பத்தால் வரும் தினசரி அசைவுக்கு அதுவும் தப்பாது: செம்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.017 மில்லிமீட்டர் நீளும். மூன்று மீட்டர் பேனல் 40 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். இரண்டு பக்கமும் இறுக்கி முடுக்கினால் தகடு நடுவில் உப்பும். ஒரு பக்கம் நிலையாகவும் மறுபக்கம் நீள்துளையில் நழுவும்படியும் மாட்டுவது இதற்காகத்தான்.

ஏன் செம்பு துளையைத் தாங்குகிறது

துளைத் தகட்டின் பலவீனம் பெரும்பாலும் துளையின் விளிம்பில் இருக்கிறது. ஜி.ஐ. தகட்டை எடுத்துக்கொண்டால், அதன் காப்பு மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு. துளையிட்டதும் ஒவ்வொரு வட்டத்தின் உள்விளிம்பிலும் பூச்சில்லாத இரும்பு வெளியே வந்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் பல ஆயிரம் துளை என்றால் அத்தனை விளிம்பிலும் துரு ஆரம்பிக்க வாய்ப்பு. முன்பே பெயின்ட் அடித்த தகட்டைத் துளைத்தாலும் இதே கதி. அதனால் இரும்பென்றால் துளைத்த பிறகே துத்தநாகத்தில் முக்கவோ பவுடர் கோட்டிங் செய்யவோ வேண்டும், அலுமினியமென்றால் துளைத்த பிறகே ஆனோடைஸ் (மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்ய வேண்டும். துளை ரொம்பச் சின்னதாக இருந்தால் பவுடர் அதிலேயே அடைத்துக்கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

செம்பில் உடையப் பூச்சே இல்லை. மேல்பரப்பில் நடப்பதுதான் துளையின் உள்விளிம்பிலும் நடக்கிறது. முதலில் பளபளப்பு போய்ப் பழுப்பாகிறது, பிறகு கருக்கிறது. காற்றின் ஈரம், கந்தகம், உப்பு இவற்றோடு சேர்ந்து பல ஆண்டுகளில் பச்சைப் படலம் படிகிறது. தண்ணீர் தங்கும் கிடைமட்டப் பரப்பில் இது சீக்கிரம் வரும். மழை உடனே வழிந்தோடும் செங்குத்துச் சுவரில் நெடுநாள் ஆகும். அதனால் பச்சை எங்கும் ஒரே நாளில் சமமாக வந்துவிடாது, திட்டுத் திட்டாகவும் கோடு கோடாகவும்தான் வரும். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நிற்கும் கட்டடத்துக்கு அந்தச் சமமின்மை பொருந்துகிறது. ஒரு வங்கி அலுவலகத்தின் முகப்பில் இதையே செய்திருந்தால் முதலாளி மறுவருடமே பாலிஷ் போடச் சொல்லியிருப்பார்.

செம்பின் தொல்லை அதன் கீழே இருப்பவற்றுக்கு. செம்பைக் கழுவி வரும் மழைநீர் கீழே ஜி.ஐ. தகட்டிலோ அலுமினியத்திலோ விழுந்தால் அவற்றை வேகமாக அரிக்கும். வெளிர் கல்லிலும் கான்கிரீட்டிலும் பச்சைக் கறை படியும். தாங்கும் ஆணியும் கிளிப்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ செம்புக் கலவையாகவோ இருக்க வேண்டும். இதையெல்லாம் வரைபடத்தில் முதல் நாளே எழுதவில்லையென்றால் பிறகு எழுத இடம் இருக்காது.

அதே ஊரில் இன்னொரு தோல்

டி யங் திறந்து இரண்டு வருடத்தில், 2007-இல், அதே சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க மத்திய அரசின் 18 மாடி அலுவலகமான ஃபெடரல் பில்டிங் எழுந்தது. வடிவமைத்தது கட்டடக் கலைஞர் தாம் மேய்னின் மார்ஃபோசிஸ் நிறுவனம். அதன் தென்கிழக்கு முகம் முழுக்கத் துளையிட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திரை. திரைக்குப் பின்னால் இடைவெளி, அதற்குப் பின்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் வேலை செய்யும் மனிதர்கள். கோபுரத்தின் மாடிகளில் பெரும்பகுதிக்கு ஏ.சி. இல்லாமல் ஜன்னல் காற்றே போதும் என்று கணக்கிட்டுக் கட்டிய அலுவலகம் அது. காலை வெயில் கண்ணாடியில் விழுவதற்கு முன்பே திரையில் தடுபட வேண்டும், சூடான காற்று இடைவெளியில் மேலேறிப் போக வேண்டும், உள்ளே இருப்பவருக்கு ஊரும் தெரிய வேண்டும்.

அங்கே துளையில் படம் இல்லை, தேவையும் இல்லை. திரையே மடிந்தும் சாய்ந்தும் உருவமாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது: டி யங்கில் துளையின் அளவைப் படம் முடிவு செய்தது, ஃபெடரல் பில்டிங்கில் வெயிலும் காற்றும் முடிவு செய்தன. இரண்டுமே சரியான முடிவுகள், ஏனென்றால் பின்னால் இருப்பது வேறு. படத்துக்காகப் போட்ட துளையை அலுவலக ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான் நம்மைச் சுற்றி அடிக்கடி நடக்கும் தவறு. படம் ஒரு பூ என்றால், அதில் துளை எங்கே குறைகிறதோ, அங்கே உட்காருபவருக்கு வெளிச்சம் இல்லை. எங்கே கூடுகிறதோ, அங்கே உட்காருபவருக்கு முகத்தில் வெயில்.

கையில் இருக்க வேண்டிய கணக்குகள்

துளைத் தகடு வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது திறப்பு விகிதம், அதாவது தகட்டின் பரப்பில் நூற்றுக்கு எவ்வளவு வெட்டவெளி என்பது. வட்டத் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று நகர்ந்து, முக்கோண அமைப்பில் இருந்தால், விட்டத்தின் வர்க்கத்தை மையத்துக்கு மையம் உள்ள தூரத்தின் (பிட்ச்) வர்க்கத்தால் வகுத்து 90.69-ஆல் பெருக்க வேண்டும். நேர் வரிசையில் இருந்தால் 78.54. உதாரணத்துக்கு 5 மில்லிமீட்டர் துளை, 8 மில்லிமீட்டர் பிட்ச்: முக்கோண அமைப்பில் 35.4 சதவீதம், நேர் அமைப்பில் 30.7. அதே துளை, அதே பிட்ச், அமைப்பு மட்டும் மாறியதில் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் வித்தியாசம். கூடவே, பேனலின் ஓரத்தில் மடிக்கவும் மாட்டவும் துளையில்லாத பட்டை விடுவார்கள். சின்ன பேனலில் அந்தப் பட்டையே விகிதத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். விற்பவர் சொல்லும் எண் துளைப் பகுதிக்கு மட்டுமா, முழுத் தகட்டுக்குமா என்று கேளுங்கள்.

பலர் தொடாத கணக்கு தகட்டின் கனம். செங்குத்தாக நிற்கும் தகட்டுக்கு நேர் எதிரே 45 டிகிரி உயரத்தில் சூரியன் இருக்கிறது, துளை 5 மில்லிமீட்டர். தகடு 1.5 மில்லிமீட்டர் கனமென்றால் துளையின் பரப்பில் சுமார் 62 சதவீதம் வழியாக வெயில் நேராக உள்ளே வரும். கனம் 3 மில்லிமீட்டர் ஆனால் 28 சதவீதம்தான். கனமும் விட்டமும் சமமானால் 45 டிகிரி வெயில் நேராக நுழையவே முடியாது. அதே நேரத்தில் உள்ளே இருந்து நேராக வெளியே பார்ப்பவருக்கு மூன்றிலும் காட்சி ஒன்றுதான். உச்சி வெயில் அடிக்கும் ஊர்களில் கொஞ்சம் கனத்த தகடு எவ்வளவு வேலை செய்யும் என்று இதிலேயே தெரியும். எல்லை ஒன்று உண்டு: தகட்டின் கனத்தை விடச் சிறிய துளை போட்டால் அச்சு உடையும், விலை ஏறும். விட்டம் கனத்துக்குக் குறையக் கூடாது என்பது பட்டறைப் பாடம்.

அப்புறம் பகல்–இரவு விஷயம். கண் எப்போதும் வெளிச்சமான பக்கத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். பகலில் வெளியே நிற்பவருக்குத் தகடு சுவராகத் தெரியும், உள்ளே இருப்பவருக்கு அதுவே மெல்லிய திரை. இரவில் விளக்கைப் போட்டதும் எல்லாம் தலைகீழ். தனிமைக்காகப் படுக்கையறைப் பால்கனியில் துளைத் தகடு போடுபவர்கள் பகலில் மட்டும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். தகட்டின் நிறமும் இதில் சேரும். உள்பக்கம் கருப்போ அடர்சாம்பலோ அடித்தால் வெளிக்காட்சி தெளிவாகத் தெரியும். வெள்ளை அடித்தால் தகட்டின் பரப்பே வெளிச்சத்தை வாங்கி மின்னி, துளைக்கு அப்பால் இருப்பதை மறைத்துவிடும். ஒரே துளை, ஒரே தகடு, இரண்டு பக்கம் இரண்டு நிறம் என்று கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

உள்ளே வரும்போது

இன்டீரியரில் துளைத் தகடு அதிகம் போவது ஃபால்ஸ் சீலிங்குக்கு, எதிரொலியைக் குறைக்கத்தான். துளை தானாகச் சத்தத்தைக் குடிக்காது. துளைக்குள் நுழைந்த ஒலியைப் பின்னால் இருக்கும் பஞ்சு வாங்க வேண்டும். அதற்காகத் தகட்டின் முதுகில் கருப்புத் துணி போன்ற மெல்லிய விரிப்பை ஒட்டி, மேலே ராக் வூல் என்ற கற்பஞ்சு வைத்து, அதற்கும் மேலே காற்றிடைவெளி விடுவார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று பஞ்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது துளை போட்ட எதிரொலிக்கும் கூரை. திறப்பு விகிதமும் இங்கே வேறு மாதிரி வேலை செய்கிறது. விகிதம் தாராளமாக இருந்தால் தகடு ஒலிக்கு இல்லாதது போலாகி, பஞ்சே எல்லா வேலையும் பார்க்கும். விகிதம் மிகக் குறைந்தால் தாழ்ந்த சுருதிகள் நன்றாக உறிஞ்சப்படும், கூர்மையான ஒலிகள் திரும்பி வந்துவிடும். பேச்சு முக்கியமான வகுப்பறைக்கும், பாட்டு முக்கியமான அரங்குக்கும் ஒரே தகட்டைப் பரிந்துரைப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மாடிப்படிக் கைப்பிடிச் சுவர், அறைத் தடுப்பு, அலமாரிக் கதவு என்று மற்ற உபயோகங்களில் கவனிக்க வேண்டியது பிசிறு. துளை அச்சு நுழையும் பக்கம் விளிம்பு மழுங்கியும், வெளியேறும் பக்கம் கூர்ந்தும் இருக்கும். விரல் படும் பக்கம் எது என்று வரைபடத்தில் குறிக்காவிட்டால், பொருத்துபவர் கைக்கு வந்தபடி மாட்டுவார். குழந்தைகள் இருக்கும் இடத்தில் விரல் நுழைந்து சிக்கும் அளவு துளையும் வேண்டாம்.

மீண்டும் செம்புக்கு

டி யங்கிலிருந்து செம்பை எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், அந்த விலை எல்லாருக்கும் எட்டாது. கடலோர ஊர்களில் அலுமினியமோ, மாலிப்டினம் கலந்த 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போதும். 304 வகை உப்புக்காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு பூக்கும். மரக்கிளைப் படத்தையும் நகலெடுக்க வேண்டாம், அது அந்தப் பூங்காவுக்குச் சொந்தம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேலை நடந்த முறை. வடிவமைப்பாளரும் தகட்டுப் பட்டறையும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார்ந்தார்கள். படத்தைத் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடாமல், துளையையும் புடைப்பையும் உண்மையான செம்பில் அடித்துப் பார்த்துப் பார்த்தே டிசைனை வளர்த்தார்கள். நம் வேலைகளில் வழக்கமாக நடப்பது வேறு. கணினிப் படத்துக்குக் கையெழுத்தாகும், டெண்டர் போகும், மலிவாகச் சொன்ன ஃபேப்ரிகேட்டர் வருவார், துளையின் விட்டத்தை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றி அடிகளைப் பாதியாக்கினால் விலை குறையும் என்பார், யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த இரண்டு மில்லிமீட்டரில் வெயில் கணக்கும் போகும், படமும் போகும், தனிமையும் போகும்.

ஒரு முழு அளவு பேனலை, மாட்டப்போகும் அதே உயரத்தில், அதே திசை பார்த்து, பின்னால் வரவேண்டிய கண்ணாடியோ சுவரோ பஞ்சோ சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை, இருட்டிய பிறகு உள்ளே விளக்கைப் போட்டு ஒரு முறை, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தும் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தும் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி எங்கே வடிகிறது என்று கவனியுங்கள். பேனலைக் கழற்றாமல் பின்பக்கத்தைத் துடைக்க முடிகிறதா என்று பராமரிப்பு ஆளை வைத்தே சோதியுங்கள். இதற்கு ஆகும் செலவை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதிவிட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அந்த மாதிரிப் பேனல் (மாக்-அப்) தேறிய பிறகு மீதித் தகட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.